ஓய்வெடுத்ததற்கான சான்று

தி. நகரில் ஜவுளிக்கடை நடத்தும் ஜவஹர் அண்ணாச்சி இருபத்தாறு வருடங்களில் எடுத்த விடுமுறை மொத்தம் மூன்று நாள். ஒன்று அவருடைய கல்யாணத்துக்கு. மற்ற இரண்டும் கடைக்குள் வெள்ளம் புகுந்தபோது. அப்போதும் மாடியில் நைட்டி வியாபாரம் நடந்ததாக ஒரு தகவல் உண்டு. அப்படிப்பட்டவர் விடுமுறை இல்லம் வாங்கினார் என்றால் அதற்குக் காரணம் ஓய்வு அல்ல, பூங்கா.

காலையில் அவரோடு பூங்காவில் நடக்கிற பெரியமனிதர்கள் எல்லோருக்கும் வெளியூரில் இன்னொரு வீடு இருந்தது. கொடைக்கானல் வீடு பழைய ஃபேஷன். ஈ.சி.ஆர். வீட்டைப் பற்றிச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். வைன் தயாரிக்கிற ஊரில், திராட்சைப் பந்தலைப் பார்த்தபடி ஒரு வீடு இருந்தால்தான் நடையில் முன்வரிசை. அண்ணாச்சி தேனிப் பக்கம் பந்தல்பட்டி என்ற ஊரில் ஒன்றை வாங்கினார். அவர் வீட்டில் இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார்கள். ஆனாலும் "இந்த வருஷ வைன்ல மண் வாசனை கொஞ்சம் தூக்கல்" என்று பூங்காவில் சொல்லக் கற்றுக்கொண்டார்.

அவர் மனைவி மீனாட்சி அம்மாளுக்கு வைனும் வேண்டாம், மண் வாசனையும் வேண்டாம்.

"இருபத்தாறு வருஷத்துல மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருநாள் வீட்டுக்கு வந்திருக்கீங்களா? அங்க போயாவது ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடணும். எனக்கு அவ்வளவுதான்."

"ஆடித் தள்ளுபடி முடியட்டும்" என்றார் அண்ணாச்சி. ஆடி முடிந்தது, தீபாவளி வந்தது, பிறகு பொங்கல், பிறகு கல்யாண சீசன். வீடு பூட்டியே கிடந்தது.

ஒருநாள் தேனாம்பேட்டையிலிருந்து நோட்டீஸ் வந்தது. அனுப்பியது இரண்டாம் இல்லங்கள் ஒழுங்குமுறைப் பிரிவு. அந்தப் பிரிவு இருக்கும் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழேதான் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆகவே நோட்டீஸ் எனக்கு மனப்பாடம்.

'தங்கள் பெயரிலுள்ள மேற்படி கட்டடம் விடுமுறை இல்லம் எனப் பதிவாகியுள்ளது. அதில் தாங்கள் பதினான்கு நாட்கள் மெய்யாக ஓய்வெடுத்ததற்கான சான்றினைத் தாக்கல் செய்யத் தவறினால், மேற்படி கட்டடம் ஓய்வற்ற கட்டடமாகக் கருதப்பட்டு முத்திரையிடப்படும் என்பது இதன்மூலம் திட்டவட்டமாகத் தெரிவிக்கப்படுகிறது.'

மீனாட்சி அம்மாள் அன்றே பெட்டி கட்டினார். அண்ணாச்சி வேறு மாதிரி யோசித்தார். எந்த வேலைக்கும் ஆள் அனுப்பித்தான் அவருக்குப் பழக்கம். கொள்முதலுக்கு ஆள், கோர்ட்டுக்கு ஆள், கல்யாண வீட்டில் மொய் எழுதவும் ஆள். ஓய்வுக்கும் ஆள் அனுப்பினார். ரவிக்கைத் துணிப் பிரிவைப் பத்தொன்பது வருடமாகக் கவனிக்கும் மெஹபூப் அலி, 'எனக்குப் பதிலாக, என் சார்பில், நான் எடுக்க வேண்டிய ஓய்வைக் குறைவின்றி எடுக்க' அதிகாரம் பெற்று பந்தல்பட்டிக்கு பஸ் ஏறினார். அந்த அதிகாரப் பத்திரம் என் கடையில்தான் டைப் ஆனது.

மெஹபூப் அலி நேர்மையான மனிதர். கடைப் பழக்கத்தில் பதிவேடு எழுதினார். 'காலை 9.30: ஓய்வு ஆரம்பம். 1.00 முதல் 1.30 வரை சாப்பாட்டு இடைவேளை. மீண்டும் இரவு 9.00 வரை ஓய்வு. டீக்காக இருமுறை ஓய்வு நிறுத்தப்பட்டது. செவ்வாய்க்கிழமை: வார விடுமுறை, ஓய்வு எடுக்கவில்லை.'

பிரிவின் உதவி இயக்குநர் சுந்தரராமன் அதை வரி விடாமல் படித்தார்.

"பதிவேடு பிரமாதம். ஆனா இது மெஹபூப் அலியோட ஓய்வு. உங்க உடம்புக்கு வந்து சேர்ந்ததுக்கு அத்தாட்சி எங்கே?"

"சார், அவர் நம்ம ஆளு. அவர் வித்தா நான் வித்த மாதிரிதான்."

"அவர் தூங்கினப்போ உங்களுக்குக் கொட்டாவி நின்னுதா?"

அண்ணாச்சி மனசாட்சிக்குப் பயந்தவர். "இல்ல சார்" என்றார்.

"பாத்தேளா? முதல்ல அந்த வீட்டுல ஓய்வு எடுக்க முடியுமான்னே தெரியல. அதை நாங்க நேர்ல போய் எடுத்துப் பாத்துதான் சொல்லணும். சாவியைக் கொடுங்கோ. கள ஆய்வு முடியற வரைக்கும் நீங்க தினமும் அலுவலக நேரத்துல இங்க ஆஜராகணும். எந்த நிமிஷமும் விளக்கம் கேப்போம்."

நான்கு அலுவலர்கள் சாவியோடும் போர்வைகளோடும் கள ஆய்வுக்குப் புறப்பட்டார்கள். இரண்டாம் மாடியில் மிஞ்சியது அலுவலக உதவியாளர் பிரபாகரும், ஒரு மின்விசிறியும், அதன் கீழே ஒரு பெஞ்சும்.

"சார் கேம்ப்ல கீறாரு அண்ணாச்சி. எப்போ போன் பண்ணுவாருன்னு யாருக்குத் தெரியும்? இப்டி ஃபேனுக்கு நேரா குந்து. செல்லை ஆஃப் பண்ணிடு, போர்டுல போட்டுக்கீது பாரு" என்றார் பிரபாகர்.

முதல் நாள் அண்ணாச்சி நாற்பது தடவை எழுந்து உட்கார்ந்தார். கடைக்கு எத்தனை பேர் வந்தார்களோ என்று புலம்பினார். இரண்டாம் நாள் மத்தியானம் மீனாட்சி அம்மாள் அடுக்குக் கேரியரோடு மாடியேறினார். வெளிச்சாப்பாடு அண்ணாச்சிக்கு ஒத்துக்கொள்ளாது. சொதி, இஞ்சித் துவையல், பாகற்காய் வறுவல். மேலே பேப்பர் கொடுக்கப் போன நான் என் காதால் கேட்டது இது.

"நீ பாகற்காய் வச்சுக்கலியா?"

"எனக்குப் பிடிக்காது."

"எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து."

அண்ணாச்சி கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசு என்னவோ போலவும் ஆகிவிட்டது.

மறுநாள் கேரியரில் பாகற்காய் இல்லை. ஐந்தாம் நாள் அண்ணாச்சி சாப்பிட்டுவிட்டுப் பெஞ்சிலேயே தூங்கினார். குறட்டை என் கடைவரைக்கும் கேட்டது. எட்டாம் நாள் அம்மாள் ஒரு தலையணை கொண்டுவந்தார். கடையில் மெஹபூப் அலி வியாபாரத்தை வழக்கம்போலவே நடத்திக்கொண்டிருந்தார். அதில் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அலுவலர்கள் திரும்பி வந்த அன்று அண்ணாச்சி பெஞ்சுக்கு வந்து சரியாகப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. சுந்தரராமனுக்குக் கன்னம் இரண்டும் சதைபோட்டிருந்தது. கையில் இரண்டு பெட்டி திராட்சை.

"வீடு ஓய்வுக்கு ரொம்பப் பொருத்தம். நாங்க திருப்தியா எடுத்தோம். ஆனா நீங்க அங்க எடுக்கலையே, என்ன பண்றது?"

"சார், அண்ணாச்சி இங்கயே எடுத்துட்டாரு சார். தெனம் ரெண்டு மணி நேரம் தூக்கம், நான் சாட்சி" என்றார் பிரபாகர்.

சுந்தரராமன் ஆஜர்ப் பதிவேட்டைப் பார்த்தார், தலையணையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஆணை எழுதினார்.

'மனுதாரர் பதினான்கு நாட்கள் மெய்யாக ஓய்வெடுத்தமை ஐயமற நிரூபணமாகிறது. உரிமையாளர் ஓய்வெடுக்கும் இடமே விடுமுறை இல்லம் ஆகையால், இரண்டாம் மாடி மின்விசிறிக்குக் கீழுள்ள பெஞ்சு அவரது விடுமுறை இல்லமாகப் பதிவு செய்யப்படுகிறது. அலுவலர்கள் பணியாற்றும் இடமே அலுவலகம் ஆகையால், பந்தல்பட்டிக் கட்டடம் இன்று முதல் இப்பிரிவின் கிளை அலுவலகமாகக் கருதப்படும்.'

"சார், அது என் வீடு!" என்று அலறினார் அண்ணாச்சி.

மீனாட்சி அம்மாள் கேரியரை அடுக்கி மூடினார். "விடுங்க. சார், அடுத்த வருஷமும் இதே பெஞ்சு கிடைக்குமா?"

"வருஷா வருஷம் புதுப்பிக்கணும்மா. பதினாலு நாள் ரெண்டு பேரும் நேர்ல வரணும்."

"வந்துருவோம்" என்றார் அம்மாள். அத்தனை சந்தோஷமாக அந்த மாடியிலிருந்து இறங்கிய மனுதாரரை நான் பார்த்ததில்லை.

விஷயம் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. "பந்தல்பட்டியெல்லாம் பழசு. நமக்கு இப்ப தேனாம்பேட்டைல, செகண்ட் ஃப்ளோர், ஃபேனுக்கு நேர் கீழ" என்று அண்ணாச்சி நடையில் முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஒரே மாதத்தில் கட்டடத்தின் மற்ற மாடிகளிலிருந்த பெஞ்சுகளும் பதிவாகிவிட்டன. மத்தியானமானால் பெரியமனிதர்கள் மனைவிமாரோடும் கேரியரோடும் வரிசையாக மாடியேறுகிறார்கள்.

என் மனைவியும் இருபத்திரண்டு வருடமாகத் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். மாடிப்படி ஓரத்து ஸ்டூலாவது கிடைக்குமா என்று பிரபாகரைக் கேட்டேன்.

"உனுக்கு எங்கனா லீவு வூடு கீதா? அதுல நீ ஒருநாளும் போய்த் தங்கியிருக்கக் கூடாது. அப்பத்தான் நோட்டீஸ் வரும். நோட்டீஸ் வந்தாத்தான் ஸ்டூலு."

வீடு கோடம்பாக்கத்தில்தானே இருக்கிறது, மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் என்ன என்கிறாள் மனைவி. விவரம் தெரியாதவள். கடையை யார் பார்ப்பது?

அதனால் நானும் பந்தல்பட்டிப் பக்கம் ஒரு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூரை ஒழுகினாலும் பரவாயில்லை. அங்கே யார் போகப்போகிறார்கள்?