மொரிஸுக்கு அடித்த பச்சை

ஒருவர் "ஒண்ணும் வேணாம்" என்று சொன்னால் அதை நம்பக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது நடக்கப் பழகும் முன்பே தெரியும். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே "ஒண்ணும் வேணாங்க, இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்" என்பார். அடுப்பை மூட்டு என்பதுதான் அதற்குப் பொருள். அதை நம்பித் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பிவிட்டால் அந்த வீட்டைப் பற்றித் தோட்டம் முழுக்கப் பேச்சு ஓடும். (எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு 'வெறுந்தொண்டை வீடு' என்று பெயர். அவர்கள் கொழும்பில் போய்க் குடியேறிய பிறகும் அந்தப் பெயர் கூடவே போயிருக்கிறது.)

என் வாழ்க்கையில் நான் பழுதில்லாமல் கற்றுக்கொண்ட பாடம் இது ஒன்றுதான். என்னைக் கவிழ்த்ததும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. அப்பா இறந்த வருடம் அது. பிறகு இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். கித்துல்கலையில் வெள்ளைக்காரர்கள் ஏறி விளையாடும் ரப்பர் படகுகளைத் தலையில் சுமந்தேன். கொழும்பில் ஒரு பெயிண்ட் பாஸிடம் சுவர் சுரண்டினேன். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி கண்டதில்லை. பட்டினி கிடந்தது, கடை வாசலில் மழைக்கு ஒதுங்கிப் படுத்தது எல்லாம் உண்டு. அது எல்லாருக்கும் உள்ளதுதான், விடுங்கள்.

முப்பதை நெருங்கும்போது புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்தில் உறவினர் வீட்டு விசேஷமொன்றுக்குப் போனேன். அங்கேதான் வசந்தாவைக் கண்டேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. விசேஷம் முடிந்தும் நான் ஊரை விட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவளுடைய அப்பாவைத் தவிர எல்லாரும் தெரிந்துகொண்டார்கள். கடைசியில் அவருக்கும் தெரிந்தது.

அவர் பெயர் ராமையா, நான் மாமா என்பேன். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையின் கார் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. ஸ்ரீ எழுத்திட்ட பழைய நம்பர், சாம்பல் நிறம். திரும்பும்போது திசை காட்டப் பக்கத்துத் தூணிலிருந்து சின்னச் செம்மஞ்சள் கையொன்று வெளியே நீளும், அந்தக் காலத்து வண்டி. வேலையை விட்டுப் போன ஒரு தொரை, யாரும் கேட்காத அந்தக் காரைத் தன் டிரைவர் பேருக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். லயத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு அதை வைத்திருந்தார் மாமா. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டிவிட்டு எஞ்சினை ஓட விடுவார். தோட்டத்துப் பெண்கள் பலரைப் பிரசவத்துக்குக் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார் அது. வசந்தா மட்டும் ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்கவில்லை, பின் சீட்டிலேயே பிறந்துவிட்டாள். குழந்தை அழுத சத்தத்தில் மாமா திரும்பிப் பார்க்க, கார் போய் மதகில் இடித்தது. இடது பக்கப் பின் மட்கார்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். அதை அவர் கடைசி வரை நிமிர்த்தவில்லை.

அந்த வருடம் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, அடுத்த பெருமழைக்கு முன் இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ரோட்டோரமாக ஆளுக்கு ஏழு பேர்ச் என்று சின்னக் காணித் துண்டு கிடைத்தது. வீடு கட்டினால் காருக்கு இடமில்லை, காரை வைத்தால் வீட்டுக்கு இடமில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வந்து, மொரிஸைத் தராசில் ஏற்றுகிற கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ ஒரு வேலயயும் முடிச்சவன் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஆமாங்க மாமா." பொய் சொல்லிப் பயனில்லை.

"இந்தக் கார நல்ல கையில சேத்துரு. இரும்புக்குப் போகக் கூடாது. அத முடிச்சுட்டு வா, பொறவு வசந்தா பேச்சப் பேசுவோம்."

எனக்கு உடனே ரவூப் ஹாஜியார் ஞாபகம் வந்தது. இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரி. அவருடைய குழியில்தான் நான் தண்ணீர் இறைத்தேன். பழைய கார் என்றால் அவருக்கு உயிர். அவரும் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போவார்கள், சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போவார்கள். மொரிஸைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அடுத்த நிமிடமே அழைத்தார்.

"மகன், யாரும் கை வெச்சீக்கா இதுல?"

"இல்லைங்க ஹாஜியார்."

"பின்னுக்கு ஒரு பள்ளம் ஈக்கே, அது எப்பிடி?"

கதையைச் சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். பிறகு குரல் மாறியது. "ஞாயித்துக்கெழம நான் வாறன். நீங்க ஒண்டும் செய்ய வாணாம். ஒண்டுமே வாணாம். ஈக்கிற மாதிரியே ஈக்கட்டும்."

ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். ஒரு முறை சொன்னாலே தேத்தண்ணி ஊற்றுகிற ஊர் இது. இரண்டு முறை சொன்னவருக்கு என்ன செய்வது என்று யோசித்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கம்பெனியிலிருந்து பெரிய தொரை தோட்டம் பார்க்க வருகிறார் என்றால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ரோட்டோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், தண்ணீர் ஓடும் கான் விளிம்புக்கும் அடிப்போம். மரத்துக்கு இடுப்பளவு வெள்ளை. அசையாமல் நிற்பது எதுவானாலும் அதற்கு ஒரு பூச்சு. மரியாதை என்றால் அதுதான் என்று பரம்பரையாகக் கற்றிருக்கிறோம். கூரை ஒழுகும், அது வேறு விஷயம்.

வாய்ப்பாக மாமா கண்ணில் புரை எடுக்கக் கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஞாயிறு காலை பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. தேயிலைத் தொழிற்சாலைக் கூரைக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டை நான் கேட்டு வாங்கி வந்தேன்.

வசந்தா வாளியைப் பார்த்தாள். "என்னா இது?"

"காருக்கு."

"அவருதான் ஒண்ணும் வேணாம்னாரே."

"அது மரியாதைக்குச் சொல்றது."

"ரெண்டு தடவ சொன்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதனாலதான் ரெண்டு கோட்டு அடிக்கப் போறேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அப்பா வரட்டும்" என்றாள். மாமா கண் கட்டை அவிழ்த்ததும் புதுக் கார் தெரியட்டும் என்றேன். (இப்போது நினைத்தாலும் அந்த வாயை மண்சரிவு கொண்டுபோயிருக்கலாம் என்று தோன்றுகிறது.)

கொழும்புப் பெயிண்ட் பாஸ் கற்றுத் தந்தது வீண் போகக் கூடாது அல்லவா? முதலில் சொரசொரப்பான பொலிஷ் பேப்பரால் தேய்க்க வேண்டும். எஞ்சினை மூடும் பானட்டைத் தகரம் தெரியத் தேய்த்தேன். கை வலித்தது, மற்ற இடங்களைத் தேய்க்காமல் விட்டுவிட்டேன். மட்கார்ட் பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்து மழமழவென்று ஆக்கினேன். பிறகு பச்சை. லயத்து ஆட்களும் ஆளுக்கொரு தூரிகையுடன் வந்தார்கள். மின்னும் பம்பருக்குப் பச்சை, ஜன்னல் ரப்பருக்குப் பச்சை. திரும்பும்போது நீளும் அந்தச் சின்னக் கையை அதன் பொந்துக்குள்ளேயே வைத்துப் பூசி மூடினோம். டயர்களுக்குச் சுண்ணாம்பு. ரோட்டிலிருந்து கொட்டில் வரைக்கும் இரண்டு பக்கமும் கல் அடுக்கி அதற்கும் சுண்ணாம்பு. கடைசியாக பானட்டின் மேல் செவ்வந்தி மாலை. பூ ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. ஒட்டினால் காற்றில் பறக்காது என்று எனக்குத் திருப்தி.

ஞாயிறு காலை ஹாஜியாரின் கார் வந்து நின்றது. வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. சுண்ணாம்புக் கற்களுக்கு நடுவே மெல்ல நடந்து வந்தார்.

"இங்க யாருக்கும் கலியாணமா, மகன்?"

"இல்லைங்க ஹாஜியார். உங்களுக்குத்தான்."

கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். நின்றார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். சாவு வீட்டில் பிணத்தைச் சுற்றி வருகிறவர் முகம் அப்படித்தான் இருக்கும். பிறகு சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்தார். பட்டி வைத்த இடத்தைக் கண்டுபிடிக்க அவர்கள் அப்படிச் செய்வார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கதவில் வைத்தார், ஒட்டியது. இடது பின் மட்கார்டில் வைத்தார். காந்தம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை நானே எடுத்துக் கொடுத்தேன்.

"இஞ்ச ஒரு பள்ளம் இரிந்திச்சே, மகன்."

"சரி பண்ணிட்டேங்க."

அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னார். "பெயிண்ட் எப்ப வேணும்டாலும் அடிக்கலாம். கம்பெனியில அடிச்ச பெயிண்ட் ஒருக்காத்தான். அத நம்பித்தான் நான் வந்த." நின்ற தளர்ச்சியில் காரில் சாய்ந்துவிட்டு நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகில் எங்கள் தொழிற்சாலைக் கூரை பதிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஒரு கண்ணில் கட்டு. மற்றக் கண்ணால் சுண்ணாம்புக் கற்களைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், ஹாஜியாரின் முதுகைப் பார்த்தார். நேராகக் காரின் பின்பக்கம் போய் மட்கார்டைத் தடவினார். கை பச்சையாகித் திரும்பி வந்தது.

"காரு விக்கலன்னா பரவாயில்ல, தம்பி" என்றார். "அந்தப் பள்ளத்த எங்க வச்ச?"

வசந்தாவின் அம்மா இறந்து அப்போது மூன்று வருடம். கல்யாணப் படம் கூட ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. அவள் பட்ட வலிக்கும் வசந்தா பிறந்ததற்கும் அந்த வீட்டில் மிஞ்சியிருந்த அடையாளம் அந்தப் பள்ளம் ஒன்றுதான். அதை நான் பட்டி வைத்து அடைத்து, மேலே இரண்டு கோட்டும் அடித்திருந்தேன்.

அப்போது வசந்தா தட்டில் தேத்தண்ணியோடு வந்தாள். "குடிங்க ஹாஜியார்."

"ஒண்டும் வாணாம், மகள்."

வசந்தா நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் மொரிஸைப் பார்த்தேன். முந்தின நாள்தானே இந்த வார்த்தையை நம்பாமல் இவ்வளவு நடந்தது? அவள் மெதுவாகத் திரும்பித் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். ஹாஜியாரின் கண் தட்டின் பின்னாலேயே போனதை நான் கவனித்தேன். ஆனால் என் அறிவை அன்று நானே நம்பத் தயாராக இல்லை.

போகும்போது மட்டும் சொன்னார். "காயிறதுக்கு முந்தி மண்ணெண்ணெயும் துணியும் வெச்சித் தொடைங்க. பட்டிய இரும்பால தோண்டாதீங்க, மூங்கில் குச்சிதான். அவசரப்பட்டா அடியில ஈக்கிறதும் போயிரும்."

ஒரு ஊரில் தோற்றால் அடுத்த ஊருக்கு பஸ் ஏறுவது என் வழக்கம். அன்று பையையும் கட்டினேன். வசந்தா வந்து வாசலில் நின்றாள். "போறதுன்னா போங்க. பள்ளத்தத் தோண்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டு மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன்.

மழைக்கு முன் காரைத் தள்ளிக்கொண்டு ரோட்டோரக் காணிக்கு வந்தோம். வீடு கட்டும் வேலைக்குப் பகலில் போவேன், மிச்ச நேரமெல்லாம் துணியும் மண்ணெண்ணெயும். நகமெல்லாம் பச்சை. சோற்றில் மண்ணெண்ணெய் வாசம். மாமா முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டார். தன் வீட்டில் என்னை ஒரு வாய் தேத்தண்ணி குடி என்றும் சொல்ல மாட்டார். என் சோம்பேறித்தனம் தேய்க்காமல் விட்ட இடங்களிலெல்லாம் பழைய சாம்பல் நிறம் மெல்ல எழுந்து வந்தது. நான் உழைத்துத் தேய்த்த பானட் மட்டும் திரும்பவேயில்லை. தீபாவளி வந்து போனது. அடுத்த தீபாவளியும் வந்தது. நான் அதே ஊரில்தான் இருந்தேன், எனக்கே ஆச்சரியம்.

பட்டி கடைசியாகக் கழன்ற அன்று மாமா எழுந்து வந்து உள்ளங்கையைப் பள்ளத்துக்குள் வைத்தார். கை அதற்குள் அப்படியே உட்கார்ந்தது.

"வசந்தா" என்று கையை எடுக்காமலே கூப்பிட்டார். "தம்பிக்குத் தேத்தண்ணி ஊத்தும்மா."

பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது. "ஒண்ணும் வேணாங்க மாமா."

மாமா புரை எடுத்த கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தார். "எந்த வேணாம்?" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்கு மொரிஸில்தான் கோயிலுக்குப் போனோம். உடம்பு சாம்பல், பானட் பச்சை. ஹாஜியார் வந்திருந்தார். காந்தத்தை எடுத்து மட்கார்ட் பள்ளத்தில் வைத்தார், ஒட்டியது. "இத இனி ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, மகன். இது ஒங்கட வீட்டுக் காரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கு எனக்குத் தொண்ட காஞ்சி போச்சி. இரத்தினபுரி போற மட்டும் அந்தத் தேத்தண்ணி ஞாவகம்தான்" என்றார்.

அப்படியாக, ஒரே மனிதரின் ஒரே வார்த்தையை இரண்டு முறையும் தப்பாகவே எடுத்துக்கொண்ட குடும்பம் இந்தப் பக்கத்தில் எங்களுடையது மட்டும்தான். வெறுந்தொண்டை வீடு என்ற பெயர் இப்போது எங்களுக்கு மாறிவிட்டதாகக் கேள்வி.

காருக்கு இடம் விட்டதில் எங்கள் வீட்டுக்கு முன் அறை இல்லை. வருகிறவர்களை மொரிஸின் பின் சீட்டில்தான் உட்கார வைக்கிறோம். மாமா இப்போது இல்லை. அந்த மட்கார்டை மட்டும் யாரும் துடைப்பதில்லை, அவர் கை பட்ட இடம் என்று வசந்தா விட மாட்டாள். வேலை முடிந்து நான் களைத்து வரும் நாட்களில் அவள் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பாள். நான் ஒன்றும் வேண்டாம் என்பேன். உள்ளேயிருந்து எங்கள் மகள் தலையை நிமிர்த்தாமலே கேட்பாள், "எந்த வேணாம்ப்பா?"

நான் கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் சோறு வந்துவிடும்.