சிவப்புப் பேனாவும் ஆறு பிரானாக்களும்

தொட்டி வாசற்படியைத் தாண்டிவிட்டது. அதன் பிறகுதான் சிக்கல். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி பாதி அறைக்குள்ளும் பாதி கூடத்திலுமாக நின்றது. உள்ளே திருப்ப இடமில்லை. மேஜை இடித்தது.

"மேஜையை வெளியே எடுத்தாத்தான் சார் இது உள்ளே போகும்" என்றார் கண்ணாடிப் பட்டறைக்காரர், மூச்சு வாங்கியபடி.

"கட்டிலை எடுத்தா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"கட்டில்ல ஆள் படுத்திருக்காரு சார்."

"தூங்குறவனை எழுப்பாதீங்க" என்று சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பாவம், வாரம் பூரா வேலை தேடி அலைஞ்சிருக்கான்."

மேஜை வெளியே வந்தது. தொட்டி உள்ளே போனது. கட்டிலில் இருந்த மச்சான் புரண்டு படுத்தான்.

அவனை அந்த அறையிலிருந்து கிளப்பத்தான் தொட்டியே வந்திருந்தது. முதலில் கிளம்பியது அறைக்குச் சொந்தக்காரரின் மேஜை.

சொந்தக்காரர் ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே அச்சுப் பிழை பார்த்து மெய்ப்புத் திருத்துபவர். சட்டைப் பையில் எந்நேரமும் சிவப்புப் பேனா இருக்கும். அச்சகத்தில் அவரைக் கூப்பிடுவதே 'சிவப்புப் பேனா' என்றுதான். மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதைக் கொடுத்தாலும் திருத்தித்தான் திருப்பித் தருவார். இப்போது அவர் கையில் இருந்தது ஒரு பேரகராதியின் மூன்றாம் தொகுதி.

மனைவியின் தம்பி, பதினைந்து நாள் தங்கி வேலை தேடிக்கொள்கிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தான். அந்தப் பதினைந்து நாள் ஒன்பது மாதமாக முடியாமல் நடந்துகொண்டிருந்தது. காலையில் போவான், மாலையில் சட்டைக்கை முழங்கை வரை நனைந்து திரும்புவான். வேலை தேடுவது அவ்வளவு வியர்க்கிற காரியம்போலும் என்று மெய்ப்புக்காரர் நினைத்துக்கொண்டார்.

அவன் வந்ததிலிருந்து அவருடைய வேலை சாப்பாட்டு மேஜைக்கு மாறியிருந்தது. ஒரு பக்கம் வெங்காயம், ஒரு பக்கம் அகராதி. கண்ணீர் வழிய வழியத் திருத்தியதில், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு பிழை தப்பி அச்சேறிவிட்டது. இன்னொன்று தப்பினால் நாலாம் தொகுதி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அச்சகத்து முதலாளி சொல்லிவிட்டார்.

அவருக்கு அறை வேண்டும். ஆனால் போ என்று சொல்ல முடியாது. "என் தம்பியைப் போகச் சொன்னா, நானும் பெட்டியைக் கட்டுவேன்" என்று மனைவி ஏற்கெனவே அறிவித்திருந்தாள்.

வழி காட்டியது தொலைக்காட்சி. ஒருநாள் ஏதோ ஓர் ஆற்றில் ஆளையே கடித்துத் தின்னும் மீன்களைக் காட்டினார்கள். மச்சான் சட்டென்று இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டான்.

"அய்யோ, பிரானா! மாத்துங்க அத்தான். பாம்புன்னாக்கூட பரவாயில்ல, இந்த மீன் இருக்கிற வீட்ல ஒரு நிமிஷம் இருக்கமாட்டேன். ஒரு கடையில விக்கிறாங்கன்னு தெரிஞ்சதுல இருந்து அந்தத் தெருப் பக்கமே நான் போறதில்ல."

"அப்படியா? எந்தத் தெரு?" என்று மெய்ப்புக்காரர் கொட்டாவி விட்டபடி கேட்டார்.

"தபாலாபீஸ் தாண்டி வலது பக்கம் ரெண்டாவது. பச்சை போர்டு. ஞாயித்துக்கிழமை லீவு."

மெய்ப்புக்காரர் தாளின் ஓரத்தில் சிவப்பில் குறித்துக்கொண்டார்.

கடைக்காரர் முதலில், "பிரானாவா? நாங்க விக்கறதில்ல சார்" என்றார். பிறகு அவர் பார்வை வந்தவரின் சட்டைப் பையில் விழுந்தது. முகம் மாறியது. "கொஞ்சம் உள்ளே வாங்க" என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு தொட்டியில் ஆறு மீன்கள் இருந்தன. உள்ளங்கை அகலம், வெள்ளி உடம்பு, வயிற்றில் சிவப்பு, கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் தள்ளிய முகம்.

"இதை எல்லாருக்கும் கொடுக்கறதில்ல. உங்களுக்குக் கொடுக்கலாம்."

தன் முகத்தில் ஏதோ ஒரு பொறுப்பு தெரிகிறது என்று மெய்ப்புக்காரருக்கு மூன்று நாள் பெருமையாக இருந்தது.

"ஆனா உடனே கொண்டு போக முடியாது. தண்ணியை நிரப்பி, ஹீட்டர், ஃபில்டர் எல்லாம் போட்டு ஒரு மாசம் சும்மா ஓடணும். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஃபில்டர்ல வளரணும். அதுதான் மீனோட கழிவைச் சுத்தம் பண்ணும்."

"தண்ணிக்கு ஒரு மாசமா?"

"மீனுக்கு முன்னாடி தண்ணி பழகணும் சார்."

இப்படித்தான் தொட்டி வந்தது, மேஜை பால்கனிக்குப் போனது. விழித்ததும் விஷயம் தெரிந்து மச்சான் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"மீன் வர்ற அன்னைக்கு நான் போயிடறேன் அத்தான்."

"இன்னைக்கே போகலாமே மச்சான், எதுக்கு ரிஸ்க்?"

"காலித் தொட்டிக்கு என்ன பயம்?"

ஒரு மாதம் அவன் மீனில்லாத தொட்டியின் பக்கத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தான். ஹீட்டர் அறையைக் கதகதப்பாக வைத்திருந்தது. ஃபில்டரின் சலசலப்பில் நன்றாகத் தூக்கம் வந்தது. ஒருநாள் மட்டும், "தொட்டி மேல ஜன்னல் வெயில் விழுது, பாசி பிடிச்சுரும்" என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றான்.

மீன் வந்தது. மச்சான் சொன்ன சொல் தவறாமல் பெட்டியோடு நண்பன் அறைக்குப் போனான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெய்ப்புக்காரர் மேஜையைத் தானே தள்ளிக்கொண்டு வந்து அறைக்குள் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

நாற்காலி கிரீச்சிட்டது. ஆறு பிரானாக்களும் அலறியடித்துக்கொண்டு மரக்கட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்தன. ஒன்று கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டது.

"இதுங்களா மனுஷனைத் தின்னும்?" என்று கேட்டாள் மனைவி. "உங்களைப் பார்த்தே நடுங்குதுங்க."

விளக்கைப் போட்டால் நடுங்கின. தாளைப் புரட்டினால் நடுங்கின. இறால் துண்டைப் போட்டால் அது அடியில் கிடந்து ஊறியது. கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"இது ரொம்பக் கூச்ச சுபாவம் சார். வெளிச்சத்தைக் குறைங்க. திரை போடுங்க. பக்கத்துல மேஜை நாற்காலி எதுவும் வேண்டாம்."

மேஜை மறுபடி பால்கனிக்குப் போனது. திரை வந்தது. தன் அறைக்குள் அவரே செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஆறு நாளாகியும் மீன்கள் வாயைத் திறக்கவில்லை.

இதற்குள் அவருக்கு ஒரு விநோதம் நடந்திருந்தது. மீன்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒன்றின் செவுளருகே இருந்த புள்ளி இன்னொன்றுக்கு ஏன் இல்லை, தூங்கும்போது எல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்க்கின்றன என்று தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்தார். மீன் வளர்ப்புப் புத்தகம் ஒன்று வாங்கினார். அதில் நாற்பத்தொரு பிழை இருந்தது. அத்தனையையும் திருத்தினார். சாப்பிடாத மீனுக்கு என்ன செய்வது என்று மட்டும் அதில் இல்லை.

"ஒரு உயிரைக் கொண்டு வந்து வச்சுட்டுப் பட்டினி போட்டுக் கொல்லப் போறீங்க" என்றாள் மனைவி. "ஒண்ணுகூட இல்ல, ஆறு."

ஏழாம் நாள், விட்டுப்போன துண்டை எடுக்க மச்சான் வந்தான். உள்ளே வரப் பயந்து, கண்ணைப் பொத்திக்கொண்டு அறை வாசலில் நின்றான்.

மரக்கட்டைக்குப் பின்னாலிருந்து ஆறு மீன்களும் வெளியே வந்தன. முன்பக்கக் கண்ணாடியில் வரிசையாக நின்று அவனையே பார்த்தன. அவன் இடது பக்கம் நகர்ந்தான். ஆறும் இடது பக்கம் நகர்ந்தன.

"என்னங்க இது!" என்றாள் மனைவி.

மெய்ப்புக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. "பயம்! பயந்தவனை அதுங்களுக்குத் தெரியும். அவனைத்தான் தேடி வரும். மச்சான், கண்ணை மூடிக்கிட்டே இந்த இறாலைப் போடு."

"வேண்டாம் அத்தான், உயிரே போயிரும்!"

"தம்பி, அக்காவுக்காகப் போடு."

தொட்டியருகே வந்து, கண்ணை மூடியபடி போட்டான். இறால் சரியாக ஆறு துண்டாக, ஆறு இடத்தில் விழுந்தது. தண்ணீர் ஒரே கொந்தளிப்பு. ஒரு நொடியில் ஒன்றும் மிச்சமில்லை. மனைவி கைதட்டினாள். மெய்ப்புக்காரரும் தன்னை மறந்து கைதட்டினார்.

"சரி, நான் வர்றேன்" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான் மச்சான்.

மீன்கள் மரக்கட்டைக்குப் பின்னால் போய்விட்டன. மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் பால்கனியில் கிடந்த மேஜையைப் பார்த்தார். நாலாம் தொகுதியை நினைத்தார். மூக்குடைந்த மீன் கட்டை இடுக்கிலிருந்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தது.

"மச்சான்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "கொஞ்ச நாள் இங்கேயே இருந்துட்டுப் போயேன்."

"பயமா இருக்கு அத்தான்."

"அந்தப் பயம்தான்ப்பா வேணும்!"

நெடுநேரம் கெஞ்சிய பிறகு, அக்கா முகத்துக்காக, மனமே இல்லாமல் ஒப்புக்கொண்டான். அன்று மாலையே பெட்டி திரும்பி வந்தது. அவன் கேட்டது இரண்டே இரண்டு: அந்த அறைக்குள் மேஜை வரக்கூடாது, யாரும் அவனை வேலை தேடச் சொல்லக்கூடாது, ஏனென்றால் மீன்களுக்கு வேளா வேளைக்கு ஆள் வேண்டும்.

மெய்ப்புக்காரர் பால்கனியில் தாள்கள் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொண்டு, காற்றோடு மல்லுக்கட்டி மூன்றாம் தொகுதியை முடித்தார். கடைசிப் பக்கம் வரை ஒரு பிழைகூடத் தப்பவில்லை. இந்தக் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை என்பதால், மூக்குடைந்த மீனைப் பார்க்கக் கடைக்காரரே நேரில் வந்தார்.

"இப்போ சாப்பிடுதா சார்?"

"பிரமாதமா சாப்பிடுது. என் மச்சான்தான் போடுறான். மீன்னாலே அவனுக்கு உயிர் நடுங்கும், பாருங்க" என்று பெருமையாகச் சொல்லியபடி மெய்ப்புக்காரர் திரையை விலக்கினார்.

உள்ளே மச்சான் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, மூக்குடைந்த மீனின் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான். மற்ற ஐந்தும் அவன் விரல்களைச் சுற்றிச் சுற்றி வந்தன.

கடைக்காரரின் முகம் மலர்ந்தது.

"அட, நீயாப்பா! நம்ம கடையில வேலை பார்த்துக் குஞ்சுல இருந்து வளர்த்த மீனை விட்டுட்டு எங்கே போனியோன்னு பார்த்தேன்! பையில சிவப்புப் பேனா வச்சுக்கிட்டு ஒருத்தர் வருவாரு, அவரைத் தவிர யாருக்கும் இந்த ஆறையும் கொடுத்துராதீங்கன்னு காலைப் பிடிச்சுச் சொன்னியே, அது உங்க அத்தான்னு சொல்லவே இல்லையே!"