சூப்பர்வைசரின் கண்ணாடி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்குள் வரும் எழுத்து எதுவானாலும் என் மடியில்தான் வந்து விழும். ரேஷன் கார்டு, மாத்திரை அட்டை, மிக்ஸியோடு வந்த குறிப்புத் தாள், வங்கியின் குறுஞ்செய்தி, எல்லாம். அலுவலகத்தில் நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏட்டி, இதுல என்ன போட்டிருக்கு பாரு" என்று அம்மா எதையாவது நீட்டுவாள். தெரியாது என்று சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. (இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தத் திமிரால் வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன்.)

அப்பா டைல்ஸ் பதிக்கும் கொத்தனார். வள்ளியூர்ப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நூல் கட்டுவார், ரசமட்டம் வைப்பார், ஆனால் கடைசித் தீர்ப்பு அவருடைய கண்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரோரமாகப் பார்த்து "ஒரு இழை தூக்கு" என்றால் தூக்கித்தான் ஆக வேண்டும். அவருக்கு வேலை கொடுக்கும் காண்ட்ராக்டர் பிஜு, "அண்ணாச்சி நோக்கினால் மதி, மட்டம் வேண்டா" என்று தன் மலையாளத்தில் எல்லோரிடமும் சொல்வார்; மதி என்றால் போதும்.

ஐம்பதைத் தாண்டியதும் கிட்டத்தில் இருப்பவை அந்தக் கண்ணுக்கு மங்கத் தொடங்கின. டைல்ஸில் போட்ட பென்சில் கோடு தெரியவில்லை. பழவங்காடி நடைபாதையில் ஒரு ரெடிமேட் கண்ணாடி வாங்கிவந்தார். அது படிப்பதற்கான கண்ணாடி. கையில் இருப்பது தெளிவாகத் தெரியும். நிமிர்ந்தால் எதிரே நிற்பவர் பனிமூட்டத்துக்குள் போய்விடுவார். ஆகவே அதை மூக்கு நுனிக்கு இறக்கி, அதற்கு மேலாக எட்டிப் பார்ப்பார். ஒரு பக்கக் காம்பு உடைந்து நைலான் நூல் கட்டியிருந்தது. ஒருநாள் நான் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தோடு, அதே கோலத்தில், கழக்கூட்டத்தில் என் அலுவலக வாசலில் வந்து நின்றார். கூட வேலை பார்க்கும் பெண்கள் சாதாரணமாகத்தான் பார்த்தார்கள். எனக்குத்தான் முகம் சுட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே கண்ணைப் பரிசோதித்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். மூன்று வகையைப் பொறுமையாக விளக்கினாள். ஒரே பவர் உள்ள கண்ணாடி ஒரு தூரத்துக்கு மட்டும் உதவும். பைஃபோகல் என்றால் மேலே தூரம், கீழே படிப்பு, நடுவில் கோடு தெரியும். ப்ரோக்ரெசிவில் கோடு இல்லை. தூரமும் கைதூரமும் படிப்பும் மேலிருந்து கீழே ஒன்றுக்குள் ஒன்றாகக் கரையும். ஆனால் இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் மங்கலாக, வளைந்த மாதிரி தெரியும், பழக வேண்டும் என்றாள். வளைவைப் பற்றிச் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. கோடு இல்லை என்பது மட்டும் ஏறியது. கோடு போட்ட கண்ணாடி கிழவர்களுக்கு அல்லவா?

"அச்சனுக்கு எந்தா ஜோலி?" என்று கேட்டாள்.

அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "சூப்பர்வைசர். கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனியில."

ஏன் சொன்னேன்? கடையின் ஏசி, அந்தப் பெண்ணின் வெள்ளைக் கோட்டு, என் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டை. (ஞாயிற்றுக்கிழமையும் தொங்கியது. கழற்ற மனம் வராது.) அப்பா சிமென்ட் அரித்த விரல்களை மெதுவாகத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ சைட்டில நடக்கும், பேப்பர் நோக்கும். ப்ரோக்ரெசிவ் மதி" என்று அவள் எழுதிக்கொண்டாள்.

புதுக் கண்ணாடி கைக்கு வந்த வாரம் அப்பா ஸ்ரீகாரியத்தில் ஒரு புது வீட்டின் குளியலறைச் சுவரில் வேலையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பால்காய்ப்பு, அதாவது புதுமனை புகுவிழா. இது நல்லபடியாக முடிந்தால் அடுத்து வரும் அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் அண்ணாச்சிக்குத்தான் என்று பிஜு சொல்லியிருந்தார். வியாழக்கிழமை நான் மீட்டிங்கில் இருந்தபோது அப்பா போன் செய்தார்.

"யம்மா, நூலு வளையுது."

"நூல் எப்படிப்பா வளையும்?"

"ரெண்டு ஓரமும் கீழ தொங்குத மாதிரி இருக்கு. மேல் வரிசைய பாக்கணும்னா கோழி தண்ணி குடிக்க மாதிரி அண்ணாந்து பாக்க வேண்டியிருக்கு. கண்ணாடிய கழட்டிரட்டா?"

அன்று என்னிடம் விளக்கம் கேட்ட நான்காவது ஆள் அவர். அந்தச் சலிப்பில் சொன்னேன். "கழட்டாதீங்க. அளந்து குடுத்த கண்ணாடி தப்பாக் காட்டாது. நீங்கதான் இத்தன நாளும் தப்பாப் பாத்துப் பழகியிருக்கீங்க."

இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சுவர்களை நேராக நிறுத்திய மனிதரிடம் இதைச் சொன்னேன். அவர் "சரிம்மா" என்றார். நூலை அவிழ்த்துப் போட்டார். மட்டத்தையும் ஓரமாக வைத்துவிட்டார். கண்ணாடி காட்டியபடி, தொங்குகிற இரண்டு ஓரத்தையும் தூக்கித் தூக்கிப் பதித்தார்.

சனிக்கிழமை காலையில் பிஜு என்னை அழைத்தார். "மோளே, இங்க ஒண்ணு வரணும்." குரலில் சிரிப்பு இல்லை. ஆட்டோ பிடித்து அந்தப் புது வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வாதங்களைத் தயார் செய்துகொண்டேன்.

"இது பாத்ரூமோ சங்குமுகம் கடலோ? அலையடிக்குதே!" என்றார் பிஜு. வீட்டுக்காரம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க நிக்கிற கோணம் தப்பு" என்றேன் நான். (ஆமாம், சொன்னேன்.) பிறகு என் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்குக் கிட்டப்பார்வை. ஒரே பவர் கண்ணாடி, உள்ளதை உள்ளபடி காட்டும். டைல்ஸ் வரிசை ஒவ்வொன்றும் ஓரங்களில் மேலேறி, சுவர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்பா மெதுவாகக் கேட்டார். "யம்மா, ஒனக்கு எப்படித் தெரியுது?"

"வளைஞ்சிருக்குப்பா."

"எனக்கும் கழட்டுனா வளைஞ்சிருக்கு. போட்டா நேரா இருக்கு."

பிஜு தலையில் கை வைத்தார். "நாளைக்குப் பால்காய்ப்பு. இனி எந்து செய்யும், அண்ணாச்சி?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்" என்று அப்பா உளியை எடுத்தார். பைக்குள்ளிருந்து நூல் கட்டிய பழைய கண்ணாடியும் வந்தது. புதியதை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு உடைந்த டைல்ஸை அள்ளினேன். இரண்டு சட்டி கொட்டிவிட்டு வந்தேன். பிறகு சொன்னேன். "கடையில நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா, அவ வேற கண்ணாடி குடுத்திருப்பாப்பா."

அப்பா திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "சூப்பர்வைசர் தப்பு பண்ணுனா கொத்தன்தான இடிக்கணும். சட்டிய எடு."

சட்டியை எடுத்தேன். விளக்குப் போடும் நேரத்தில் சுவர் நேராக நின்றது. வீட்டுக்காரம்மா கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுக்குமாடிக் கட்டடத்தில் பிஜு பாதி வேலையைத்தான் கொடுத்தார். மீதிப் பாதியை நாகர்கோவில்காரர் ஒருவர் செய்தார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இன்றைக்கும் நான் குனிந்து போனைப் பார்ப்பேன்.

அடுத்த வாரம் அதே கடை, அதே பெண். இந்த முறை அலுவலக அட்டையைக் கழற்றிவிட்டுப் போயிருந்தேன். "அப்பா டைல்ஸ் பதிக்கிற கொத்தனார். குத்தவச்சுத் தரையப் பாப்பார். நின்னு சுவரப் பாப்பார். தலைக்கு மேல பாப்பார்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "கிரானைட்டும் போடுவேன்" என்று அப்பா சேர்த்துக்கொண்டார். "இது ஆத்யமே பறயண்டே?" என்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்கிற மாதிரி, அவள் தலையில் அடித்துக்கொண்டு, கைதூரத்துக்கான ஒரே பவரில் முழுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தாள். அதில் நூல் நூலாகவே தெரிகிறது.

இந்தக் கதை உறவுக்காரர் ஒருவரையும் விடாமல் பரவிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் யாரிடமாவது என்ன வேலை என்று கேட்டால் சுருக்கமான பதில் கிடைக்காது. போன மாதம் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கப் போனோம். நான் மூச்சு விடுவதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"மீனு செதில் எடுக்கணும். அரிசியில கல்லு பாக்கணும். ஊசி கோக்கணும். பஸ்ஸு போர்டு பாக்கணும். படுத்துக்கிட்டே சீரியல் பாக்கணும். மாடி வீட்டுக்காரி கொடியில என்ன சேல காயுதுன்னு கீழ இருந்தே பாக்கணும்."

பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

"எல்லாம் எழுதிட்டியா மக்ளே?" என்று அம்மா அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "இல்லன்னா சொல்லு, திருப்பிச் சொல்லுதேன். இவட்ட மட்டும் கேட்டுராத."