கிரிகரி விழுங்கிய இரண்டு வயது

"ஞானஸ்நானச் சீட்டு இல்லேன்னா எப்படி, கிரிகரி? எல்லாரும் வயசுக்கு ஆதாரம் குடுத்துட்டாங்க. உம்மோடது மட்டுந்தான் பாக்கி" என்றார் கணக்கெழுதும் பெரிய கிராணி சபாபதி.

பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகையில் சிக்னல் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் கிரிகரி, துடைத்த விளக்கையே மறுபடி துடைத்தார். வேலை அருகிப்போன 1931ஆம் வருஷம். ஐம்பதைத் தாண்டியவர்களை மாசக் கடைசியோடு நிறுத்தப்போகிறார்கள். ரயில்வே ஏட்டில் அவருக்கு நாற்பத்தொன்பது. கோயில் ஏட்டில் ஐம்பத்தொன்று. பதினெட்டுக்கு மேல் வேண்டாம் என்றார்களே என்று, முப்பத்தோரு வருஷத்துக்கு முன் இரண்டு வயதை வாய் கூசாமல் விழுங்கிவிட்டு வேலையில் சேர்ந்தவர்.

"கறையான் அரிச்சிடுச்சு அண்ணே."

"அட, இதுக்கா முழிக்கிறீரு? கோயில்ல போயி புதுசு எழுதி வாங்கிட்டு வாரும்லா."

"சாமியாரு கிள்ளானுக்குப் போயிருக்காரு. வர ரெண்டு வாரம் ஆவும்."

"அப்படியா? நம்ம துரையும் வேதக்காரருதானே! ஞாயித்துக்கிழமை உங்க கோயிலுக்குப் போறப்ப அவரே ஏட்டைப் பாத்துட்டு வரட்டும். நான் சொல்லிடுறேன்."

போச்சு. ஒரு பொய் மூன்றானதுதான் மிச்சம்.

சாயங்காலம் மனைவி சாந்தமேரி ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். கிரிகரிக்கு மங்கள வார்த்தை ஜெபமே பாதியில் மறந்துபோனது.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"வயசாவுதுல்ல."

"நாப்பத்தொம்பதெல்லாம் ஒரு வயசா?"

அவளுக்கும் ரயில்வே கணக்கைத்தான் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதிலும் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருபவர் அவர். பத்துக் கட்டளைகளில் பொய் சொல்லாதே என்ற எட்டாம் கற்பனையில் எவன் தடுமாறினாலும் காதைத் திருகிவிடுவார். இப்போது அவருடைய காதே சூடாக இருந்தது.

மறுநாள் காலை நேரே துரையின் அறைக்குள் போய் நின்றார். வயதும் பொய், கறையானும் பொய், சாமியார் ஊரைவிட்டு நகரவேயில்லை என்று தெரிந்த மலாய் மொழியில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

துரை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு உட்கார்ந்து, நிறுத்தப்படுவோர் பட்டியலில் கிரிகரியின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அழுகை முட்டியது. ஆனாலும் இத்தனை வருஷப் பாரம் இறங்கிய நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

"ஆதாரத்துக்குச் சீட்டு வேணும்லா, கிரிகரி" என்றார் சபாபதி, முகத்தைப் பார்க்காமல்.

கோயிலில் ஏட்டை விரித்துவைத்திருந்தார் மாரிஸ் உபதேசியார். கிரிகரி சிறுபிள்ளையாக இருக்கும்போது அவர் குடும்பம் வேதத்தில் சேர்ந்ததே, அந்தப் பக்கத்தை எழுதியவரும் இந்த உபதேசியார்தான். சீட்டு எதற்கு என்று கேட்டார். கிரிகரி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

உபதேசியார் பேனாவைக் கீழே வைத்தார்.

"அடப்பாவி! ஞானஸ்நானம் வாங்கினப்ப உனக்கு எட்டு வயசுடா. பத்து வயசு ஆனாத்தான் புதுநன்மைன்னு முதல் தடவை நற்கருணை குடுப்பாங்க. உனக்கும் உங்கண்ணனுக்கும் ஒரே நாள்ல குடுத்து ஒரே விருந்தா முடிச்சிடலாம்னு உங்கப்பன் கால்ல விழாத குறையா கெஞ்சுனான். அதான் ரெண்டைக் கூட்டி எழுதிட்டேன்."

கிரிகரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அப்ப... நான் வேலைக்குச் சேந்தப்ப சொன்னது?"

"நெசந்தான். முப்பத்தோரு வருஷமா நெசத்தையே சொல்லிக்கிட்டு இருந்துட்டு, இன்னைக்குக் காலையில போயி துரைகிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கியேடா!"