மோசல் ஆற்றங்கரையில் மாப்பிள்ளை வீடு விசாரித்தது

வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி
ஐப்பசி 10

மரியாதைக்குரிய மச்சான் மயில்சாமி அவர்களுக்கு,

குமாரசாமி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். அங்கே உங்கள் கோபம் நீங்கலாக, புஷ்பவல்லி அக்கா, தறிகள், துண்டு ஏற்றுமதி எல்லாம் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆவணி மாதம் போனை வைத்தவர் நீங்கள், இன்னும் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது. அதனால்தான் இருபது வருஷம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இருபத்தாறு வருஷமாக டேட்டாபேஸ் மேய்க்கிறவனுக்கு இவ்வளவுதான் வரும்.

அன்றைக்கு நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. "ஏனுங்க மாப்ள, நம்ம வெண்பா யாரையோ கட்டிக்கிறேன்னு சொன்னா நீங்களும் தலையாட்டுவீங்களா? பையன் பிரின்ஸ்டன்ல ஆராய்ச்சி பண்றான், சரி. அவங்கப்பன் என்ன பண்றான்? சாராயம் காய்ச்சறான்! அவங்க ஊருக்குப் போயி நாலு பேரை விசாரிச்சீங்களா? விசாரிக்காத ஊட்டுக்கு எம்மருமவளைக் குடுத்தீங்கன்னா தாய்மாமன் சீருக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க" என்றீர்கள். அது சாராயம் இல்லை மச்சான், திராட்சை ஒயின் என்று நான் சொல்வதற்குள் லைன் கட் ஆகிவிட்டது. அன்று ராத்திரி பவளம் சாப்பிடவில்லை. "எங்கண்ணன் வந்து மாலை எடுத்துக் குடுக்காம எம்மவளுக்குக் கல்யாணமா?" என்று ஒரே அழுகை. வெண்பாவோ, "மாமா வரலேன்னா எனக்கு வெட்டிங்கே வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். விசாரிப்பது என்றால் விசாரித்தே விடுவது.

வெண்பாவிடம் ஃப்ளோரிடா போகிறோம் என்று சொல்லிவிட்டு நானும் பவளமும் நெவார்க்கில் ஃப்ளைட் ஏறி ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கினோம். இரண்டு ரயில், ஒரு பஸ் மாறி மோசல் என்கிற ஆற்றங்கரையில் எல்லன்பாக் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மொத்தம் அறுநூறு பேர் இருக்கிற ஊர். அங்கே போய் நாங்கள் சாதாரண டூரிஸ்ட் மாதிரி நடந்துகொள்வதாகத் திட்டம். பவளம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், நான் தொப்பி போட்டுக்கொண்டேன். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்ததும் திட்டமெல்லாம் மறந்துபோய் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டோம். மச்சான், அதைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. பழனி மலையின் பின்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், படி கிடையாது, பாதை கிடையாது, அப்படிச் சரிந்து நிற்கிற மலையில் அடியிலிருந்து உச்சிவரை திராட்சைக்கொடி. கொடிக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு கொடி, பந்தலே இல்லை. மண்ணும் இல்லை! நாம் பள்ளிக்கூடத்தில் எழுதின சிலேட்டை உடைத்துக் கொட்டின மாதிரி வெறும் கறுப்புக் கல் சில்லு. பகலெல்லாம் அந்தக் கல் வெயிலைக் குடித்துவைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குச் சூடு கொடுக்குமாம். மேலே மனுஷர்கள் எறும்பாட்டம் தெரிகிறார்கள், ஒருத்தர் இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறார், ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு சின்ன வண்டி பழக்கூடைகளோடு செங்குத்தாக இறங்குகிறது. "ஏனுங்க, இதுல ஏறி ஒருத்தன் குடிக்கறதுக்காகவா வெவசாயம் பண்ணுவான்?" என்றாள் பவளம். எனக்கும் அதே கேள்விதான்.

மறுநாள் விசாரணையைத் தொடங்கினேன். நம் முறைப்படி முதலில் டீக்கடை. அங்கே டீக்கடை இல்லாததால் ரொட்டிக்கடை. கடைக்காரம்மாவிடம் போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, நான் ஏதோ ஒயின் வாங்க வந்தவன் போல, "இந்த ஹெர்மான் என்பவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டேன். நம் வெண்பா கட்டிக்கொள்ள நினைக்கிற லூக்காஸின் அப்பா பெயர்தான் ஹெர்மான். அந்தம்மா, "தங்கமான மனிதர்" என்று சொல்லி, கேட்காமலே ஒரு பன்னை அதிகமாக வைத்துக் கொடுத்தாள். அடுத்தது முடிதிருத்தும் கடை. நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்புதான் எங்கள் ஊர் மெயின்ரோட்டுக் கடையில் முடி வெட்டியிருந்தேன், இருந்தாலும் கடமை என்று உட்கார்ந்தேன். வெட்டுகிற பெண் என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து எதை வெட்டுவது என்று தேடிக் கடைசியில் காதோரம் நாலு முடியை வெட்டினாள். "ஹெர்மானா? தங்கமான மனிதர்." தபாலாபீஸில் ஒருத்தர், படகுத்துறையில் ஒருத்தர், எல்லோருக்கும் அதே தங்கம். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது மச்சான். நம் ஊரில் காந்தியைப் பற்றிக் கேட்டால்கூட ஒருத்தன் இரண்டு குறை சொல்வானே!

நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள், நல்லது சொல்ல ஊரே வரும், உள்ளது சொல்லப் பங்காளிதான் வருவான் என்று. ஆகவே மறுபடி முடிதிருத்தும் கடைக்கே போனேன் (இந்தத் தடவை மீசை), "ஹெர்மானுக்கு ஆகாதவர் யாராவது உண்டா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கத்தரிக்கோலை நிறுத்தி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு ஆற்றோரத்துக் கடைசி வீட்டைக் காட்டினாள்.

அங்கே எர்வின் என்று ஒரு பெரியவர், எண்பது இருக்கும். இளமையில் பக்கத்து அமெரிக்க ராணுவ முகாமில் சமையல் வேலை பார்த்தவராம், இங்கிலீஷ் பொரிந்து தள்ளினார். ஹெர்மான் பெயரைச் சொன்னதுதான் தாமதம், "திருடன்!" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, ஊர் ஒழுங்கான ஊர்தான். விஷயம் வரப்புத் தகராறு மச்சான்! மலையில் இரண்டு பேர் தோட்டமும் ஒட்டியிருக்கிறது, நடுவில் ஒரு வரிசைக் கொடி, அது யாருடையது என்று பத்தொன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. "அவன் கெட்டவனா?" என்று கேட்டேன். "திருடன் என்றேனே, எழுதிக்கொள்" என்றார். நானும் மரியாதைக்கு எழுதிக்கொண்டேன். கிளம்பும்போதுதான் அவர் வீட்டுச் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கோடு வெட்டி வருஷம் பொறித்திருப்பதைப் பார்த்து இது என்னவென்று கேட்டேன்.

அது வெள்ளக் கோடாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழியில் ஆறு அவ்வளவு உயரம் வந்ததாம். எர்வின் அன்றைக்கு வெளியூரில், வீட்டில் நடக்கமுடியாத தாயார் தனியாக. ஊரே அவரவர் நிலவறையிலிருந்து ஒயின் பீப்பாய்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்த நேரம். ஹெர்மான் தன் பீப்பாய்களை அப்படியே விட்டுவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் வந்து அந்த அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனாராம். திரும்பிவந்து பார்த்தபோது அந்த வருஷத்து உழைப்பு முழுக்க ஆற்றோடு போய்விட்டது. இதைச் சொல்லி முடித்து எர்வின் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இருந்தாலும் அந்த வரிசை என்னுடையது" என்றார். மச்சான், நான் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்லவில்லை. என் மகளை இந்த வீட்டுக்குக் கொடுக்காமல் வேறு எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தோன்றிவிட்டது.

இந்தச் சந்தோஷத்தோடு லாட்ஜுக்குத் திரும்பினால் பவளத்தைக் காணவில்லை. போனும் எடுக்கவில்லை. உங்கள் தங்கையைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் மலையைப் பார்த்தால், பாதிச் சரிவில் ஆரஞ்சு நிறப் பட்டுப்புடவை! டூரிஸ்ட் வேஷத்துக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம், நானும்தான் கேட்டேன். அந்த ஒற்றைத் தண்டவாள வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு, முருகா முருகா என்று ஏறிப்போனேன். அங்கே பவளம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தரியால் திராட்சைக் குலைகளை அறுத்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் இருக்கிற வெள்ளைக்காரம்மாளுக்கு அழுகல் பழத்தை எப்படித் தனியாகப் பிரிப்பது என்று தமிழில் பாடம் நடக்கிறது. அந்தம்மா ஜெர்மனில் பதில் சொல்கிறார். ரெண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. "இவங்க உர்சுலாங்க" என்றாள் பவளம். "நம்ம லூக்காஸோட அம்மா."

வேஷம் கலைந்தது என்று நான் பயந்தேன். கலைவதற்கு வேஷமே இருக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் முப்பதாவது கல்யாண நாள் படம் ஒரு வருஷமாக அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. வெண்பா அவர்களிடம், "எங்க ஆளுங்க ஒருநாள் விசாரிக்க வருவாங்க, கண்டுக்காத மாதிரி இருங்க" என்று முன்னமே சொல்லிவைத்திருக்கிறாள். ரொட்டிக்கடைக்காரம்மா முதல் நாளே அடையாளம் கண்டு ஊர் முழுக்கச் சொல்லி, எல்லோரும் ஒரே வார்த்தை சொல்வதென்று பேசிவைத்துக்கொண்டார்களாம். ஆனால் மச்சான், ஒன்றைக் கவனியுங்கள். எர்வினிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஹெர்மான் வீட்டு விஷயம் பேசினால் அவர் கதவைச் சாத்திவிடுவார் என்று விட்டுவிட்டார்களாம். அதனால் அவருடைய சாட்சி ஒன்றுதான் கலப்படமில்லாதது. கோர்ட்டுக்குப் போனாலும் நிற்கும்.

சாயங்காலம் ஹெர்மான் எங்களை நிலவறைக்கு அழைத்துப்போனார். நெடிய ஆள், விரலெல்லாம் வெட்டுக்காயம், அதிகம் பேசமாட்டார். குடியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்தார், வாயில் வைத்தார், கொப்பளித்தார், துப்பிவிட்டார்! அடுத்த பீப்பாய், மறுபடி துப்பினார். பன்னிரண்டு பீப்பாய், பன்னிரண்டு துப்பல். பார்த்துப் பார்த்து ஒரு வருஷம் செய்ததைத் துப்புகிற மனிதரைக் குடிகாரர் என்று எந்த வாயால் சொல்வது? எனக்கும் கொடுத்தார். விருந்தாளி துப்பினால் மரியாதையில்லையே என்று நான் மட்டும் துப்பவில்லை. எட்டாவது பீப்பாயில் நான் அவரைச் "சம்பந்தி" என்று கூப்பிட்டேன் என்று பவளம் சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

கடைசியாக ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "என் மகன் இனி இந்த மலையில் ஏறமாட்டான், தெரியும். உங்கள் வீட்டில் அவனைத் தனியாக விட்டுவிடாதீர்கள்." அவ்வளவு பெரிய மலையை ஆள்கிறவர் என்னிடம் கை நீட்டிக் கேட்டார் மச்சான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவுதான் விசாரணை. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன், திருடன் என்று ஒருத்தர் சொன்னதையும் மறைக்கவில்லை. இனி உங்கள் தீர்ப்பு. நீங்கள் பெரியவர், தாய்மாமன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வெண்பாவிடம் நானே சொல்லி இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திவிடுகிறேன். உங்கள் பதில் வரும்வரை ஒரு துரும்பையும் அசைக்கமாட்டேன்.

அக்காவுக்கு எங்கள் கும்பிடு. வீட்டில் சின்னவர்களுக்கு ஆசீர்வாதம். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு இந்தக் கடிதம் ஒரு கெடுதலும் செய்யாமலிருக்க முருகனை வேண்டிக்கொண்டு,

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
குமாரசாமி

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் வெண்பா எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். படித்து முடித்துச் சிரித்துச் சிரித்து சோஃபாவில் விழுந்தாள். "அப்பா, யூ ஆர் சோ லேட்! ஹெர்மான் அங்கிள் உங்களுக்கு முன்னாடியே விசாரிச்சு முடிச்சாச்சு" என்றாள். நம் வழக்கத்தைக் கேள்விப்பட்டதும் அந்த மனுஷர், அப்படியென்றால் நானும் பார்க்கவேண்டும் என்று போன தை மாதமே ஒற்றை ஆளாகக் கரூருக்கு வந்து போயிருக்கிறார். துண்டு வாங்க வந்த ஜெர்மன்காரர் என்று நினைத்து நீங்கள் வாழையிலை போட்டுச் சோறு போட்டு, தறியெல்லாம் சுற்றிக்காட்டி, அமெரிக்காவிலிருக்கும் உங்கள் மருமகளின் பெருமையை இரண்டு மணிநேரம் பேசி, "அவ கல்யாணத்துக்கு நீங்க குடும்பத்தோட வரோணும், நானே முன்னால நின்னு நடத்துவேன்" என்று கையடித்துக் கொடுத்தீர்களாமே! நாங்கள் பதில் சொல்லும்வரை இதை யாரும் வாய்விடக்கூடாது என்பது அவர் போட்ட கட்டளையாம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படித்தது போதும், உங்களை நான் எதற்கும் கேட்கவில்லை. வருகிற தை இருபதில் முகூர்த்தம். அவர்கள் ஏழு பேர் டிக்கெட் போட்டுவிட்டார்கள். அழைத்தது நீங்கள். மயில்சாமி சொன்ன சொல் மாறாதவர் என்று கரூரில் மூன்று பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் ஹெர்மான் வருகிறாராம்.