ஜீப்பில் இறங்கிய விமானம்

சும்மா சந்தோஷமாகச் செய்துகொண்டிருக்கும் ஒரு காரியத்தைக் கெடுக்க வேண்டுமா? ரொம்பச் சிரமப்பட வேண்டாம். அதற்கு ஒரு பரிசுக் கோப்பை வாங்கி வையுங்கள். மற்றதைக் கோப்பை பார்த்துக்கொள்ளும்.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற ரோட்டோரம், மலையடிவாரத்தில் ஒரு தரிசு நிலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஆறேழு பேர் அங்கே ரிமோட் விமானம் விடுவோம் (இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்க வேண்டாம், என் மாமியார் கேட்டு முடித்துவிட்டார்). எங்களை இதில் இழுத்துவிட்டவன் என் மனைவி கவிதாவின் தம்பி செல்வம். கல்யாண மேடை அலங்காரம் அவன் தொழில். மிச்சம் விழும் தெர்மாகோலில் விமானம் செய்வான். அதன் இறக்கையில் 'நல்வரவு' என்று இருக்கும். பறக்கும், தலைகுப்புற விழும், டேப்பை ஒட்டி மறுபடி விடுவான். கவிதா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், மதுரையில் ஒரு போட்டியை வேடிக்கை பார்க்கப் போகும்வரை. திரும்பி வந்தது வேறு ஆள். வெளியூரிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு விமானம் வரவழைத்தேன். கோப்பை வாங்கினேன். விதிமுறை வகுத்தேன்: பறக்கவிட்டு, மோட்டாரை அணைத்து, சுண்ணாம்புப் பொடியில் போட்ட வட்டத்துக்குள் இறக்க வேண்டும். சட்டையில் நம்பர் குத்தியிருக்க வேண்டும். எனக்கு நானே ஒன்றாம் நம்பர் கொடுத்துக்கொண்டேன்.

"வெளாட்டுக்குத்தான மாமா வர்றோம்? வட்டத்துல எறங்கலைன்னா தூக்குல போட்ருவீகளா?" என்றான் செல்வம். "மாப்ளே, இப்பிடிப் பேசிப் பேசித்தான் நம்ம ஊரு இப்பிடியே கெடக்கு" என்றேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

"அவனையும் வெரட்டிட்டு யார ஜெயிக்கப் போறீக?" என்று கேட்ட கவிதா, போட்டியன்று அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

மலையிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்திருந்தது. "காத்து சரியில்ல மாமா, செத்த பொறுங்க" என்றான் செல்வம். விதிமுறையில் காற்றைப் பற்றி எதுவும் இல்லையே (வகுத்தவன் நான்). முதல் ஆளாக விட்டேன். ஒரு சுற்று அழகாகப் போனது. மோட்டாரை அணைத்து வட்டத்தை நோக்கித் திருப்பினேன். விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடது. இந்த விளையாட்டின் அரிச்சுவடியே அதுதான். பதற்றத்தில் அரிச்சுவடி மறந்துபோனது. நான் வட்டத்துக்குத் திருப்பத் திருப்ப அது ரோட்டுக்குத் திரும்பியது. மிச்சத்தைக் காற்று கவனித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஒன்று வந்தது (ஏலக்காய் எடுக்கிற சீசனில் ஞாயிறாவது திங்களாவது). அதன் மேல் கேரியரில் கட்டியிருந்த பாய்ச்சுருளுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், பூ வைத்த மாதிரி என் விமானம் உட்கார்ந்தது. அவ்வளவு மெத்தென்று நான் அதற்கு முன் இறக்கியதே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுபடி கிளப்பிவிடலாம் என்று ரிமோட் விசையை முழுக்கத் தள்ளினேன். விமானம் அசையவில்லை. ஜீப்புதான் வேகமெடுத்தது.

கவிதாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விரட்டினேன். கழுத்தில் ரிமோட், நெஞ்சில் ஒன்றாம் நம்பர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அண்ணாந்து பார்த்தால், மேல் வளைவில் ஜீப்பும் அதன் தலையில் என் வெள்ளை வாலும் தெரியும். நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் அது அதற்கும் மேலே போயிருக்கும். போடிமெட்டில் கேரளா செக்போஸ்ட்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எந்தா சேட்டா கழுத்தில்?"

"ரிமோட்டு சார்."

"எதின்றெ ரிமோட்டா?"

"ஏரோப்ளேனோடது."

"ப்ளேன் எவிடெ?"

"ஜீப்புல போயிருச்சு சார்."

வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். பிறகு உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

எல்லை தாண்டி ஒரு டீக்கடையில் ஜீப்பு நின்றிருந்தது. தோட்டத்து வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் விமானத்தைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார்.

"ஒங்க பிள்ளையோடதா அப்பு?"

எனக்கு வயது நாற்பத்திரண்டு. ஜீப்பு நிறையப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமாக்கா" என்றேன்.

"அழுதுருக்குமே, பாவம்!"

"ரொம்ப அழுதுச்சுக்கா."

கடையில் தேன்மிட்டாய் வாங்கி என் சட்டைப் பையில் திணித்தார். "பிள்ளைக்குக் குடுங்க. இனிமே ரோட்டுப் பக்கம் வெளாடக் கூடாதுன்னு சொல்லுங்க." சொல்வதாகத் தலையாட்டினேன். இறங்கும் வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, அத்தனை மிட்டாயையும் பிள்ளையே தின்று தீர்த்தது.

தரிசுக்குத் திரும்பியபோது சுண்ணாம்பு வட்டம் மிதிபட்டு அழிந்திருந்தது. கவிதா தம்பியின் விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அது தலைகீழாகப் பறந்தது. செல்வம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"யாருப்பா ஜெயிச்சது?" என்றேன்.

"அட, அது ஒண்ணு இருந்துச்சுல்ல!" என்றான் செல்வம். "நீங்க அங்கிட்டுப் போனதும் மறந்தே போயிட்டோம் மாமா."

சுருக்கென்று இருந்தது. நெஞ்சில் குத்தியிருந்த ஒன்றாம் நம்பரைக் கழற்றினேன். பிறகு செக்போஸ்ட் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். 'ப்ளேன் எவிடெ' என்ற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்து, மேற்கொண்டு சொல்ல முடியவில்லை. அன்று மத்தியானம்வரை எல்லோரும் கன்னாபின்னாவென்று பறக்கவிட்டோம்.

நாங்கள் அதன்பிறகு வட்டம் போடவில்லை. ஆனால் கவிதா அந்த ஞாயிற்றுக்கிழமையை விடுவதாக இல்லை. போன வாரம் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் வீட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஏம்மா, என் கண்ணாடியப் பாத்தியா?"

அடுப்பிலிருந்து அவள் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"ஜீப்பு ஏதும் இந்தப் பக்கமாப் போச்சான்னு வெளியில விசாரிங்க."