சும்மா கிடந்த நிலத்துக்குச் சுகமான கதை

நஞ்சப்பனுக்கு மஞ்சள்காமாலை வந்தது. அதனால் அந்த வருஷம் அவன் நிலத்தை உழவில்லை. நடந்த தப்பு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதிகாரிகள் செய்தது.

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற ரோட்டை ஒட்டி அவனுக்கு ரெண்டு ஏக்கர். வானம் பார்த்த பூமி. ஆடியில் கடலை போட்டால் வீட்டுக்கு வருஷத்து எண்ணெய், மாட்டுக்குத் தீனியாகக் கொடி. போடாமல் விட்டதில் மாடு மெலிந்தது, நிலம் கொழுத்தது. இடுப்பு உயரத்துக்குப் பூண்டு. நெருஞ்சி, நாயுருவி, குப்பைமேனி, வரப்போரம் கொஞ்சம் கீழாநெல்லி. நடுவெல்லாம் வெள்ளைப் பூப்பூத்த பார்த்தீனியம். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். பக்கத்து நிலத்து ராஜப்பன் மட்டும் நின்று துப்பினான். பங்காளி.

மாசி மாசம் அந்த வழியாக ஒரு கார் வந்தது. உள்ளே கலைவாணன் அவர்கள். மாவட்ட மண் நல மனித நல மூலிகை ஒருங்கிணைப்பு அலகின் ஒருங்கிணைப்பாளர். நிரந்தர வேளாண்மையையும் மனிதனின் நல்வாழ்வையும் இணைப்பது அலகின் உன்னத நோக்கம். நிதியாண்டு முடியப் போகிறது. ரெண்டும் இன்னும் தனித்தனியாகத்தான் இருந்தன. கலைவாணன் ஒப்பந்த ஊழியர். நிரந்தர வேளாண்மையில் அவருக்குப் பிடித்தது அந்த முதல் வார்த்தை.

அவசரத்துக்குக் காரை நிறுத்தி பூண்டுக்குள் ஒதுங்கினார். வேலை முடிந்து நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். ஞானம் வந்துவிட்டது.

வரப்பில் உட்கார்ந்து கீழாநெல்லி பறித்துக்கொண்டிருந்த நஞ்சப்பன் எழுந்தான்.

"இது யார் நிலங்க?"

"என்துதாங்க சார்."

"இந்த மாதிரி ஒரு உயிர்ப்பன்மையை நான் பார்த்ததே இல்ல. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலீங்க."

"உழவு?"

"இல்லீங்க."

"உரம், மருந்து?"

"ஒண்ணுமில்லீங்க. நான் படுத்துக் கெடந்தேன்."

கலைவாணன் நஞ்சப்பனின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உலகம் பூரா இதைத்தான் சார் சொல்லிக்கிட்டிருக்காங்க. மனுஷன் படுத்துக்கணும், இயற்கை எழுந்துக்கணும். கையில என்ன அது?"

"கீழாநெல்லிங்க. காமாலைக்கு அரைச்சுக் குடிக்கறது."

"அப்ப இந்த மண்ணு வளர்த்த மூலிகைதான் இந்த உடம்பைக் காப்பாத்துச்சு!"

"தருமபுரி ஆஸ்பத்திரியிலயும் படுத்திருந்தேனுங்க."

"அதை விடுங்க" என்றார் கலைவாணன்.

மண்ணும் மனிதனும் இணைந்துவிட்டார்கள். நிதியாண்டும் தப்பியது.

அடுத்த வாரம் ஒரு பொன்னாடையோடு வந்தார்கள். வாழ்நாளில் நஞ்சப்பன் தோளில் துண்டைத் தவிர வேறு ஏறியதில்லை. பளபளவென்று அது விழுந்ததும் அவனுக்குக் கண் கூசியது. கூசிய கண்ணோடு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். முன்னோடி விவசாயி ஆகிவிட்டான்.

நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. பெரிய போர்டு வந்தது. உழக்கூடாது. மாடு கட்டக்கூடாது. களை பிடுங்கக்கூடாது, களை என்று சொல்லவும் கூடாது, 'தன்னார்வத் தாவரம்' என்று சொல்ல வேண்டும். அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம்.

நஞ்சப்பன் பெண்டாட்டி காவேரி போர்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு வேலிக்குள் போய் ஒரு பிடி கீரை கிள்ளினாள். காவலுக்குப் போட்டிருந்த ஆள் ஓடி வந்தான்.

"அக்கா, உள்ள வரக்கூடாதுக்கா."

"எங்க மாமனாரு காட்டுல நான் கீரை கிள்ளக்கூடாதா?"

"கிள்ளலாங்க்கா. வாசல்ல பாக்கெட்டா வெச்சிருக்காங்க. காசு குடுத்து வாங்கிக்கலாம்."

காவேரி வீட்டுக்கு வந்து பொன்னாடையை எடுத்து மாட்டின் மேல் போர்த்திவிட்டாள். "இதுவும் உங்களாட்டம் வேல இல்லாமத்தான் நிக்குது. இதுக்கும் மரியாதை பண்ணுங்க" என்றாள்.

அப்புறம் யுவராணி வந்தார். பெங்களூரில் நல்வாழ்வு வழிகாட்டியாக இருப்பவர். கசங்கினால்தான் விலை என்கிற ஜாதித் துணியில் உடுத்தியிருந்தார். பின்னாலேயே ஒரு பஸ் நிறைய ஜனம். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, அதனால் மனசு சரியில்லாமல் போனவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்துக்குள் நடக்க வேண்டும் என்றார் யுவராணி. நடந்தார்கள். நெருஞ்சி முள் குத்தியது. "அந்தந்த இடத்துல எது அடைச்சிருக்கோ, அங்கதான் குத்தும். மண்ணுக்குத் தெரியும்" என்றார். முள் குத்தாதவர்கள் கவலைப்பட்டு இன்னொரு சுற்று நடந்தார்கள்.

பார்த்தீனியத்தின் அருகில் யுவராணி நெகிழ்ந்து நின்றார்.

"இந்த வெள்ளைப் பூ என்ன மூலிகை?"

"அது மூலிகை இல்லீங்க மேடம், விஷப்பூண்டு. மாடுகூட வாய் வெக்காது" என்றாள் வேலிக்கு வெளியே நின்ற காவேரி.

"மாடு சாப்பிடாதா?"

"சாப்பிடாதுங்க."

யுவராணி ஜனங்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? மனுஷனுக்குன்னே இயற்கை இதை ஒதுக்கி வெச்சிருக்கு."

அன்று மாலை அந்தப் பூவைப் போட்டு டீ வைத்தார்கள். முழங்கையில் இருந்து கழுத்து வரை எல்லாருக்கும் அரித்தது. "உள்ள இருந்த நச்செல்லாம் வெளிய வருது" என்றார் யுவராணி. சொறிந்துகொண்டே கை தட்டினார்கள். ஒருவருக்கு மட்டும் அரிக்கவில்லை. அவருடைய நச்சு ரொம்ப ஆழத்தில் இருக்கிறது என்று தனியாக ஒரு முகாமுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

இதைப் பார்த்து ஊர் சிரித்தது. சித்திரை வரைக்கும் சிரித்தது. வைகாசியில் ராஜப்பன் வீட்டில் அந்த டீ பாக்கெட் இருந்ததைக் காவேரி பார்த்தாள்.

"இன்னாத்துக்குங்க கொழுந்தனாரே இது?"

"மூட்டு வலிக்கு. அவ்ளோ பெரிய பெரிய ஆளுங்க குடிக்கறாங்க, சும்மாவா குடிப்பாங்க?" என்று சொறிந்துகொண்டான் ராஜப்பன்.

நஞ்சப்பன் கதை வேறு. முதலில் ரெண்டு கூட்டத்துக்குத் தயங்கித்தான் போனான். "நான் ஒண்ணும் செய்யலீங்க" என்பதற்கு மேல் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. அதற்கே எழுந்து நின்று கை தட்டினார்கள். மூன்றாவது கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். அழுதுவிட்டார்கள். கார் வந்து கூட்டிப்போனது. சாப்பாட்டில் முந்திரி இருந்தது. தாடி விடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தான். எத்தனையோ வருஷம் உழுதிருக்கிறான், ஒரு நாய் திரும்பிப் பார்த்ததில்லை.

ஆனி கடைசியில் மழை இறங்கியது. நல்ல மழை. பூமி ஊறி, கால் வைத்தால் புதைந்தது. ஊர் முழுக்க டிராக்டர் சத்தம். ராஜப்பன் தன் நிலத்தை ஒரே நாளில் உழுது போட்டுவிட்டான். நஞ்சப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்குக்கு வந்த மண் வாசனை பக்கத்துக் காட்டுடையது. தன் மண்ணின் வாசனை பூண்டுக்கு அடியில் கிடந்தது. தாடி நினைப்பெல்லாம் அந்த நிமிஷம் போய்விட்டது.

"இந்த ஈரம் போச்சுன்னா இந்த வருஷமும் கொடி இல்ல" என்றாள் காவேரி. "மாட்டை வித்துட்டு நீங்க போய் வேலிக்குள்ள நில்லுங்க. பாக்க வர்றவங்களுக்கு வேடிக்கையாவது ஆகும்."

நஞ்சப்பன் தருமபுரிக்கு பஸ் ஏறி அலகின் அலுவலகத்துக்குப் போனான்.

"சார், நிலத்தை உழணுங்க."

கலைவாணன் வருத்தத்தோடு சிரித்தார். "தாராளமா. உழாம இருந்தா உங்களுக்கு நஷ்டம்னு நிரூபிச்சுட்டு உழுங்க."

"எப்படிங்க நிரூபிக்கறது?"

"ஒரு வருஷம் உழாம இருந்து காட்டணும்."

"போன வருஷம் உழாமத்தானே சார் இருந்தேன்."

"அது திட்டத்துக்கு முன்னால. அது சோம்பேறித்தனம். கணக்குல வராது." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல போய் உழவுங்கறீங்களே. நாளன்னிக்கு மாதவராஜ் சார் சென்னையில இருந்து ஆய்வுக்கு வர்றார். என் வேலை நிரந்தரமாகறது அவர் கையில இருக்கு. நாளைக்கு இங்க பெரிய கூட்டம். 'ஏர் தொடாதே' அப்படிங்கற தலைப்புல நீங்கதான் பேசறீங்க."

மறுநாள் கார் வந்தது. நஞ்சப்பன் ஏறினான். ஏறும்போது காவேரி முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஏர் பிடிப்பது மண்ணின் மார்பைக் கிழிப்பது என்றான். கைதட்டல் முடியவே இல்லை. சாப்பாட்டில் வந்த முந்திரியை ஓரமாக ஒதுக்கி வைத்தான்.

சாயங்காலம் திரும்பி வந்தால் நிலம் சிவப்பாகக் கிடந்தது.

ரெண்டு ஏக்கரும் உழுது, பரம்படித்து, விதைத்து முடிந்திருந்தது. வேலி ஒரு பக்கம் சுருட்டிக் கிடந்தது. பூண்டெல்லாம் ஓரத்தில் குவியல். ராஜப்பன் டிராக்டர் மேல் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தான். காவல் ஆள் வரப்பில் உட்கார்ந்து காவேரி போட்ட சாப்பாட்டை வழித்துக்கொண்டிருந்தான்.

"அடிப்பாவி! மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டிருக்கேன்டி!"

"நீங்கதானே போட்டீங்க? நீங்க உழலையே. நீங்க அங்க மேடையில இருந்ததுக்கு ஊரே சாட்சி."

அதற்குள் ஆய்வுக்கு ஏற்பாடு பார்க்கக் கலைவாணனும் யுவராணியும் வந்து இறங்கினார்கள். கலைவாணன் நிலத்தைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். போர்டு சரியாகத்தான் இருந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா பண்ணிட்டீங்க? காலையில மாதவராஜ் சார் வர்றாரே! திரும்ப நட்டுடலாமா? அந்தக் குவியல்ல வேரோட இருக்கறதை..."

"விஷப்பூண்டையா நடப் போறீங்க?" காவேரி இடுப்பில் கை வைத்தாள். "ஏன் சார், இந்த நிலத்துக்கு என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க இத்தனை நாளா?"

"சிகிச்சை" என்றார் யுவராணி. "மண்ணுக்கு ஓய்வு சிகிச்சை."

"அது குணமாயிடுச்சு. குணமானவங்கள ஆஸ்பத்திரியிலயே படுக்க வெச்சிருப்பாங்களா? எழுப்பி வேலைக்கு அனுப்ப மாட்டாங்க?"

கலைவாணன் தலை நிமிர்ந்தார். யுவராணி கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "ஆமா, நானும் போன வாரமே உணர்ந்தேன்" என்றார்.

மறுநாள் மாதவராஜ் அவர்கள் வந்தார். உழுத நிலத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே மூலிகைக் காடு?" என்றார்.

கலைவாணன் போர்டுக்குப் பின்னால் நகர்ந்தார். காவேரி முன்னால் வந்தாள்.

"நிலம் குணமாயிடுச்சுங்க சார். வூட்டுக்கு அனுப்பிட்டோம்."

மாதவராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சர்வீஸில் எத்தனையோ திட்டங்களைத் திறந்து வைத்திருக்கிறார். ஒரு திட்டமும் முடிந்து பார்த்ததில்லை. தொடரும், விரிவாக்கப்படும், மறுசீரமைக்கப்படும். முடிந்தது என்று யாரும் அவரிடம் சொன்னதே கிடையாது. பெரிய மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

"குணமானதுக்கு என்ன அடையாளம்மா?"

"உழுதா உழவு ஏறுதுங்க."

"அற்புதம்" என்றார் மாதவராஜ். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். போட்டோ எடுத்தார்கள். இந்த நிலம் நலம் பெற்றுத் திட்டத்திலிருந்து விடுவிக்கப்பட்டது என்று அங்கேயே அறிவித்தார். வேலியையும் போர்டையும் நோயுற்ற வேறு நிலத்துக்கு மாற்றச் சொன்னார்.

நோயுற்ற நிலத்துக்கு ஊரில் அவ்வளவு போட்டி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே வரிசையில் நின்றார்கள். கார், முந்திரி, பொன்னாடை என்று நஞ்சப்பனுக்குக் கிடைத்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள். ராஜப்பன் முதல் ஆள். புதிதாக விதைத்த நிலத்துக்கு நோய் எப்படி என்று கேட்டதற்கு, உள்ளுக்குள் இருக்கிறது, வெளியே தெரியாது என்றான். வேலி அவனுக்கே போனது. அவன் கடலை முளைத்து, ரெண்டு இலை விட்டு, பூண்டு மூடிச் செத்தது. ராஜப்பன் கண்ணை மூடிப் பேசப் பழகிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அடுத்த பட்டத்துக்காகக் களை எடுப்பதை நிறுத்தினார்கள். ஒரு ஊரே முன்னேறுவதற்காகப் படுத்துக்கொண்டது.

ஆவணியில் தருமபுரியில் பாராட்டு விழா. கலைவாணன் நிரந்தரமாகிவிட்டார். அந்த ஒரு நிலத்தைக் குணமாக்கியது யார் என்று தொகுத்து வழங்கியவர் மேடையில் கேட்டார். கலைவாணன் மாதவராஜ் அவர்களின் தொலைநோக்கு என்றார். மாதவராஜ் அலகின் அயராத உழைப்பு என்றார். யுவராணி பிரபஞ்ச சக்தி என்றார். நஞ்சப்பன் ரெண்டாவது பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, "நான் ஒண்ணும் செய்யலீங்க" என்றான். அது ஒன்றுதான் அங்கே பேசப்பட்ட உண்மை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

செய்தவளைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டாள். கடலை பூ விட்டிருந்தது, களை வெட்டு பாதியில் நின்றது, அன்றைக்கு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரில் ஆள் எல்லாம் சும்மா இருந்தார்கள். தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள் காவேரி.